மண்ணுக்குள் ஞானராஜ் போட்ட நீலச் சில்லு

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும். முதலில் காற்று, அப்புறம் துரு கலந்த சிவப்புத் தண்ணீர் ஒரு குவளை, அதற்கப்புறம்தான் நல்ல தண்ணீர். மும்பை தாராவியில் எங்கள் கல்லியில், அந்தக் குறுகிய சந்தில் இருந்தவர்களுக்கு அந்த இரும்பு வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்...

அந்தக் கல்லியின் குழாய்களில் பாதியைப் புதைத்தவன் நான். மீதியைப் புதைத்தவன் ஞானராஜ்.

இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கம். ஒரே பிளம்பரிடம் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் ஒரு வேலையை முடித்திருப்பேன்.

அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பைப்பை இறக்கி ஒரு சாண் மண் தள்ளியதும், அதன்மேல் உடைந்த நீல டைல்ஸ் சில்லுகளை வரிசையாக அடுக்குவான். பிறகுதான் மீதி மண். மாட்டுங்காவில் பாத்ரூம் இடிக்கிற வீடுகளில் பொறுக்கி, சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வருவான்.

"எல, மண்ணுக்குள்ள யாருக்குல கோலம் போடுத?" என்பேன்.

"நாளைக்கு எவனாவது கடப்பாரைய எறக்குவாம்லா... சில்லு தட்டுச்சுன்னா கைய நிறுத்துவான்."

"அன்னைக்கு நாம இங்க இருக்கவா போறோம்?"

அடுக்கிக்கொண்டே இருப்பான். அவன் ஒரு லைனை மூடுவதற்குள் நான் அடுத்த வேலைக்குப் பேசி முடித்துவிடுவேன்.

அப்படித்தான் கடை வைத்தேன். பைப், வால்வு, ஃபிட்டிங்ஸ். இன்று தாராவியில் ஒன்று, ஐரோலியில் ஒன்று. ஞானராஜ் இன்னும் அதே கல்லியில், அதே பைப் ரெஞ்சோடு. சாமான் வாங்க என் கடைக்குத்தான் வருவான்.

இப்போது பழைய குழாய்களை எல்லாம் மாற்றத் திட்டம் போடுகிறார்கள். போன மாதம் முனிசிபாலிட்டி இன்ஜினியர் மேடம் வரைபடத்தோடு வந்தார். பெரிய குழாய் அதில் இருந்தது. கல்லிக்குள் பிரிகிற லைன் இல்லை. அந்த லைனின் வால்வு கிடைத்தால், பழையதில் தண்ணீர் ஓடும்போதே பக்கத்தில் புதுசைப் போட்டு ஒரே நாளில் மாற்றிவிடலாம். கிடைக்காவிட்டால், வேலை முடிகிறவரை மொத்தக் கல்லிக்கும் டேங்கர்தான்.

அதைப் பேசக் கூடிய கல்லிக் கூட்டத்தில் நான் எழுந்தேன். "அந்த லைன் நான் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன்" என்று தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை சொன்னேன். பெண்கள் எல்லாருக்கும் முகம் தெளிந்தது.

மறுநாள் காட்டினேன். தோண்டினார்கள். வெறும் மண்.

இரண்டடி தள்ளிக் காட்டினேன். அதுவும் மண்.

"சேட்டு, ஒருவாட்டி கண்ணத் தொறந்துட்டுக் காட்டுங்களேன்" என்றார் எதிர்வீட்டு எஸ்தரக்கா. கல்லியே சிரித்தது.

யாரோ ஞானராஜைக் கூட்டிவந்தார்கள். "அண்ணன் வந்துட்டாரு, வழி விடுங்க!" என்று ஒரு சத்தம்... கவனியுங்கள், நான் சேட்டு. அவன் அண்ணன்.

சுவர் ஓரமாக நடந்து வந்தான். நின்றான். செருப்பால் ஒரு கோடு கிழித்தான். "இங்க."

நாலாவது குத்தில் 'ணங்' என்றது. நீலம்! மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சில்லைத் துப்பட்டாவால் துடைத்துப் படம் எடுத்தார். சில்லு போன வழியே தோண்டிப் போனால் வால்வு. என்னை அதுவரை 'சேட்ஜி' என்றவர், பார்த்த ஐந்தே நிமிடத்தில் அவனைச் சித்தப்பா முறை வைத்து 'காகா' என்று கூப்பிட்டார்.

அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "எல, இது நான் போட்ட லைன்லா? நான் எப்பம் சில்லு போட்டேன்?"

"நீ பைப்ப மாட்டிட்டு, மண்ணத் தள்ளிருன்னு சொல்லிட்டு செம்பூர் வேலைக்கு ஓடிட்ட. நாந்தான் போட்டேன்."

"ஏம்ல சொல்லல?"

"சொன்னா கோலம்னு சிரிப்ப."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். இரண்டு கடை வைத்திருக்கிற நான், ஒரு ரெஞ்சு வைத்திருப்பவனைப் பார்த்து அன்று முழுக்க எரிந்தேன். வால்வு கிடைக்காமலே போயிருக்கக் கூடாதா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். டேங்கர் வரிசையில் நிற்கப்போவது நான் இல்லையே...

புதுக் குழாய்களுக்கு மேலே நீல பிளாஸ்டிக் ரிப்பன் புதைப்பார்களாம், தோண்டுகிறவனுக்குத் தெரிவதற்காக. திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. என் கடையில் சுருள் சுருளாக வந்து இறங்கியிருக்கிறது. அவன் அதே வேலையைச் சில்லால் சும்மா செய்தபோது சிரித்தேன். இன்று அதையே மீட்டர் கணக்கில் விற்கிறேன்.

நேற்று ஞானராஜ் வந்தான். ரிப்பனை விரலால் இழுத்துப் பார்த்தான். "நல்லாருக்குல மாரி. தலையில சொமக்க வேண்டாம்" என்றான். குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவன் நிஜமாகவே சொன்னான்.

அன்று குழியிலிருந்து ஒரு சில்லை யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். கல்லாப் பெட்டி மேல் வைத்திருக்கிறேன். என்ன சேட்டு இது என்று கேட்பவர்களிடம், "நான் போட்ட லைன்ல கெடச்சது" என்கிறேன்.

அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.