சண்டையே வராத வண்டி

என் அக்கா புருஷனுக்கு இரண்டு வண்டிகள். ஒன்று சோறு போடும் வண்டி, மற்றது பெட்ரோல் குடிக்கும் வண்டி.

சோறு போடுவது மைக் செட் வேன். ஸ்பீக்கர் பெட்டி, ஆம்பிளிஃபயர், வயர்ச் சுருள் எல்லாம் அதில் ஏறும். அதை ஓட்டுவது அக்கா. அத்தான் இடது பக்கம் உட்கார்ந்து வழி சொல்வார், அதையும் தப்பாகச் சொல்வார். இன்னொன்று பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, மழை பெய்தால் உள்ளே குளித்துக்கொள்ளலாம். அதை ஓட்டுவது அத்தான் மட்டும். ஸ்டியரிங்கை வேறு யார் தொட்டாலும் மனுஷனுக்கு முகம் சுண்டிவிடும். நான் அந்த வண்டிக்கு வைத்த பெயர் அக்காவின் சக்களத்தி.

எனக்கு அதன்மேல் காண்டு வரக் காரணம் இருக்கிறது. மாடியில் ஒரே அறையில் இரண்டு தையல் மெஷினை வைத்துக்கொண்டு திரைச்சீலை தைக்கிறேன். துணியை விரித்தால் நான் கட்டில் மேல் ஏறி நிற்க வேண்டும். கீழே நல்ல காற்றோட்டமான ஷெட்டில் சக்களத்தி கால் நீட்டிப் படுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் அந்த வண்டியைக் காட்டி ஒரே பாட்டைப் பாடுவார். "வேன்ல ஏறினா தெருமுனை தாண்டறதுக்குள்ள எங்களுக்குள்ள சண்டை. இந்த வண்டியில இத்தனை வருஷத்துல ஒரு சண்டை வந்ததில்லை. ராசியான வண்டி."

எனக்கும் அது ஆச்சரியம்தான். என் அக்கா வாய் எனக்குத் தெரியும், அத்தானின் முன்கோபமும் தெரியும். அந்த இரண்டு சீட்டுக்கு நடுவில் மட்டும் சமாதானம் எங்கிருந்து வந்தது என்று நானும் யோசித்திருக்கிறேன்.

அந்த ராசியான வண்டிக்குத்தான் வியாதி வந்தது. ரோட்டில் வேகமாகப் போகும்போது அடங்கி ஓடும். சிக்னலில் நின்றால் போதும், எஞ்சின் இருமும், குலுங்கும், உட்கார்ந்திருப்பவர் பல் தந்தியடிக்கும். அப்புறம் உயிரை விடும். அக்கா இறங்கித் தள்ளுவாள். வீட்டு வாசலில் நின்றுவிட்டால் தள்ளுவது நான்.

அத்தான் சும்மா இருக்கவில்லை. பிளக்கை மாற்றினார். பாயிண்ட், கண்டென்சர், பிளக் வயர் எல்லாம் மாற்றினார். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் துவைக்காத குறையாகக் கழுவினார். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும், எப்படி இருந்தாலும், கடைசியில் ரப்பர் டியூபை எடுத்துவிடுவார். அந்த எஞ்சினுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் அமைதியாக ஓடும். டியூபின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, இரண்டிலும் 'ஸ்ஸ்' என்ற சத்தம் சமமாகக் கேட்கும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்.

"இதுக்கு மெஷின் எல்லாம் விக்கிறான். எனக்கு எதுக்கு? மைக் செட்காரனுக்குக் காதுதான் மூலதனம்," என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அத்தானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"யாரு விக்கிறா?" என்றார்.

"நீங்கதான்," என்றாள் அக்கா. "கார்ல வச்சு மூணு தடவை கேட்டேன். வித்துடலாமான்னேன். மூணு தடவையும் 'ம்ம், பண்ணிடலாம்'னு சொன்னீங்க. அதான் டாக்டர்கிட்ட சொல்லி வச்சேன்."

"நான் சொன்னேனா?"

"பின்னே, பேயா சொல்லுச்சு?"

அத்தான் அன்று சாப்பிடவில்லை. அந்த வண்டியை வாங்க அவர் எத்தனை மேடைக்கு வயர் இழுத்தார் என்பது ஊருக்கே தெரியும். விட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது. அக்கா இறங்கி வந்து ஒரு வழி சொன்னாள். "டாக்டர் வர்ற அன்னைக்கு பானெட் மேல ஒரு டம்ளர் தண்ணி வைப்பேன். எஞ்சின் ஓடணும். தண்ணி தளும்பலைன்னா வண்டி இருக்கட்டும். தளும்பிச்சுன்னா சாவி அவர் கைக்கு."

எனக்கு மனசுக்குள் கொண்டாட்டம். ஷெட்டில் எந்த மெஷினை எந்தச் சுவரோரம் போடுவது என்று அளவெடுக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

சனிக்கிழமை அத்தான் வண்டியின் இடது பக்கம் நின்று, எஞ்சினுக்குள் தலையை விட்டுப் புது பிளக் மாட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடது பக்கம் நின்று டார்ச் பிடித்தேன். நாளைக்கு எப்படியும் தளும்பத்தான் போகிறது, இப்போதே துண்டைப் போட்டு வைப்போம் என்று கேட்டேன். "அத்தான், வண்டி போயிட்டா ஷெட்டை எனக்குத் தருவீங்களா?"

"ம்ம், பண்ணிடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷெட்டில் ஒரு வாளி வைத்தாலே எகிறுகிற ஆள் இவர். இன்னொன்று கேட்டுப் பார்த்தேன். "உங்க வண்டியைப் பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டுடலாமா?"

"ம்ம், பண்ணிடலாம்."

"உங்களை மாதிரி ஒரு மண்டுவை என் அக்கா எங்கே தேடிப் பிடிச்சா?"

"ம்ம், ம்ம்."

கை வேலையாக இருக்கும்போது ஏதோ ஒரு முணுமுணுப்புக்கு ஏதோ ஒரு பதில், அவ்வளவுதான். வார்த்தை ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் மெல்ல நகர்ந்து அவருடைய வலது பக்கம் போனேன். பாதிக் குரலில், காற்றோடு காற்றாக, "இரும்புக் கடை," என்றேன்.

"எவன் இரும்புக் கடை?" என்று நிமிர்ந்தார். பானெட்டில் மண்டை மடாரென்று இடித்தது.

சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினேன். "அக்கா, உன் புருஷனுக்கு இடது காது முக்கால்வாசி அவுட். என்ன திட்டினாலும் பண்ணிடலாம்ங்கிறார்."

அக்கா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கார்ல நான் அவருக்கு எந்தப் பக்கம்டி உக்காருவேன்?"

"இடது பக்கம்."

"வேன்ல?"

"நீ ஓட்டுவே. அவருக்கு வலது பக்கம்."

எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. "எவ்வளவு பேசியிருக்கேன் அந்த வண்டியில," என்றாள். "முட்டி வலிக்குதுன்னு சொன்னேன். உங்க தங்கச்சி என்னை மதிக்கலைன்னு சொன்னேன். ஒரு நாள், உங்களைக் கட்டிக்கிட்டதுல எனக்கு வருத்தமே இல்லைன்னு சொன்னேன். அதுக்கும் ம்ம்தான். கல்லு மாதிரி இருக்காரேன்னு அன்னைக்கு எனக்கு அழுகை வந்துச்சு."

அப்புறம் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். "அந்த ரப்பர் டியூபை எந்தக் காதுல வைக்கிறார்?"

சொல்லியிருக்கக் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஷெட் எனக்கு. ஆனால் நான்தான் கூடவே நின்று பார்த்தவள் ஆயிற்றே. "முன்னாடி இருக்கிறதுக்கு இடது காது, பின்னாடி இருக்கிறதுக்கு வலது காது," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

அக்கா ஷெட்டுக்குப் போனாள். நேராக அவருடைய வலது பக்கம் நின்றாள். "எஞ்சினைப் போடுங்க. ரெண்டு கார்புரேட்டருக்கும் வலது காதையே வச்சுக் கேளுங்க."

"ஏன்?"

"கேளுங்களேன்."

அத்தான் முன்பக்கத்தில் டியூபை வைத்து வலது காதில் செருகினார். முகம் மாறியது. "இது என்ன, புயல் மாதிரி இழுக்குது?" இடது காதுக்கு மாற்றினார். திரும்ப வலது. திரும்ப இடது. அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். இடது காதுக்குச் சத்தம் குறைவாகக் கேட்டதால், ஒவ்வொரு முறையும் முன் கார்புரேட்டரை அவரே அதிகமாகத் திறந்து வைத்திருக்கிறார். எதை மாற்றி என்ன பிரயோஜனம், கடைசியில் டியூபைக் காதில் வைத்துத் தன் கையாலேயே வியாதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"என் காதா," என்றார். மூலதனமே போய்விட்ட மாதிரி ஒரு குரல். எனக்கே பாவமாகிவிட்டது.

"காலமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டியை இடது பக்கமே வச்சுக்கிட்டு நின்னா வேற என்ன ஆகும்," என்றாள் அக்கா. அதட்டலாகத்தான் சொன்னாள், ஆனால் கை அவர் தோளில் இருந்தது. "காது டாக்டர்கிட்ட காட்டுவோம். முதல்ல எழுந்து ஸ்க்ரூவைத் திருப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். டம்ளரை நிரப்பியது நான். விளிம்பு வரை, இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும் என்கிற அளவுக்கு நிரப்பினேன். பானெட் மேல் வைத்தோம், அத்தான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் என் தையல் மெஷினைவிட அமைதியாக ஓடியது. தண்ணீர் நடுங்கியது, தளும்பவில்லை. டாக்டர் குனிந்து பார்த்தார், இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தார், பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பினார். அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். வயிற்றெரிச்சலுக்கு நல்லது.

அத்தான் துள்ளிக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் போனார். "வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

அக்கா கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன்."

"ஏன், எனக்குக் கண்ணா போச்சு? காதுதானே?"

"அதனாலதான். நான் ஓட்டினாத்தான் உங்க நல்ல காது என் பக்கம் இருக்கும்."

சக்களத்தியின் ஸ்டியரிங்கை அவர் விட்டுக்கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இடது சீட்டில், பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி முட்டியை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டது தெரிந்தது.

வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்கள். இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. அத்தான் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். அந்தக் கதவை அவர் அப்படிச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"ராசியே போச்சு," என்றார் என்னிடம். "இத்தனை வருஷத்துல இந்த வண்டியில இன்னைக்குத்தான் முதல் தடவையா சண்டை."

அக்கா சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவருடைய வலது பக்கமாக வந்து நின்றாள்.

"உங்களுக்குத்தான் முதல் தடவை," என்றாள். "நான் இந்த வண்டி வாங்கின நாள்லேர்ந்து போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."