மூணு எங்க வீட்டுது

கம்பம் மெட்டு ரோட்டின் கடைசி வளைவில் அப்பா ஓட்டும் ஜீப்பின் முகப்பு விளக்கு மூன்று முறை அணைந்து எரியும். அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். மொட்டை மாடியில் நிற்கும் அம்மா மூன்றாவதையும் பார்த்த பிறகுதான் உலை வைக்க இறங்குவாள். ஏலத்தோட்ட வேலைக்குப் போன எட்டுப் பெண்களும் அந்த ஜீப்பில்தான் திரும்புவார்கள் என்பதால், அவர்கள் வீடுகளுக்கும் அவளே குரல் கொடுப்பாள்: "வந்துட்டாக."

ஒரு மழை நாள் மாலை அந்தச் சொல் பொய்த்துப்போனது. விளக்கை மூன்று முறை அடித்தது, அந்தத் தடத்தில் புதிதாக ஓட்ட வந்த வேறொரு டிரைவர். அப்பாவின் ஜீப் அச்சு முறிந்து மலையிலேயே நின்றுவிட்டது. வந்துவிட்டார்கள் என்று நம்பியிருந்த வீடுகள் சந்தேகப்பட்டு ஆள் அனுப்புவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. எட்டுப் பேரும் நனைந்து நடுங்கினார்கள். ஒருத்தி கர்ப்பிணி.

மறுநாள் காலை அம்மா ஜீப் ஸ்டாண்டுக்குப் போனாள். பள்ளிச் சீருடையில் நானும் பின்னால் நின்றேன்.

"ஏலே, நீ ரெண்டு தடவ அடி, நாலு தடவ அடி, உன் இஷ்டம். மூணு எங்க வீட்டுது."

"வெளிச்சத்துக்குமா பட்டா வாங்கி வச்சிருக்கீக?" என்று அந்த டிரைவர் சிரித்தார்.

"ஆமா. எட்டு வீட்டுப் பேர்ல இருக்கு."

சிரிப்பு நின்றது. அன்று மாலையிலிருந்து அவர் இரண்டு முறைதான் அடித்தார்.

இப்போது நான் கடலோரத்தில், நூறாண்டு கடந்த ஒரு கலங்கரை விளக்கத்தில் தொழில்நுட்ப உதவியாளர். வேலை கிடைத்தபோது எல்லோரும் கோபுரத்தின் உயரத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் கேட்டார்கள். அம்மா மட்டும், "அது எத்தன தடவ அடிக்கும்?" என்று கேட்டாள். பதினைந்து நொடிக்கு இரண்டு என்றேன். கடல் வரைபடத்திலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அதை வைத்துத்தான் மாலுமிகள் இது எந்த விளக்கு என்று அறிகிறார்கள்.

சென்ற மாதம், விளக்கின் பழைய கண்ணாடி வில்லையைச் சுழற்றும் மோட்டாரை மாற்றினோம். ஓட்டிப் பார்த்தபோது பன்னிரண்டு நொடிக்கு இரண்டு வந்தது. அது வடக்கே உள்ள அடுத்த விளக்கின் கணக்கு. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருந்தது.

"எரியுதுல்லம்மா. காலைல பாத்துக்கலாம்" என்றார் மேலதிகாரி.

"எரியுது சார். ஆனா நம்ம வெளக்கா எரியல. தப்பான எடத்துல கப்பலத் திருப்பிருவாக."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னோடு படியேறினார்.

செய்ய வேண்டியவை மூன்று: மோட்டாரை நிறுத்துவது, வேகத்தைக் குறைப்பது, ஓடவிட்டு நொடி எண்ணுவது. மூன்றையும் ஏழு முறை செய்தோம். ஏழாவது முறை பதினைந்து வந்தது.

இருட்டத் தொடங்கியதும் மணலில் தள்ளிப்போய் நின்று, மீண்டும் முதலிலிருந்து எண்ணினேன். தொலைவில் ஒரு கப்பல் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றும் சரியாக வந்த பிறகுதான் சாப்பிடத் திரும்பினேன்.