நான்காவது வால்வு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தெரியாது என்று சொல்ல வாய் வராது. வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்தவன், ஊருக்கு வந்து மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கிக்கொண்டு நிற்பதா என்று ஒரு திமிர் வேறு. புதுக்கோட்டையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, உரமூட்டை கிடந்த அறையைக் காலிசெய்து, அதை வீட்டு சர்வர் ஆக்கினேன். எங்கள் பொது போர்வெல் மோட்டார் அது சொன்ன நேரத்துக்கு ஓடியது, வயல்களுக்குப் போகும் குழாய்களின் வால்வுகள் சொன்ன நேரத்துக்குத் திறந்து மூடின. குன்றாண்டார்கோவில் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்கம் சொன்னேன்.

போர்வெல்லில் மூன்று பங்கு. பெரியப்பா மகன்களான அண்ணன்கள் இருவர், நான். ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் முறை, ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்கு ஓய்வு. முன்பு சித்தப்பாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. வைத்தியத்துக்காக அவர் நிலத்தை அண்ணன்களுக்கு விற்றபோது, நிலத்தோடு முறையும் போய்விட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. அவர் இறந்தபின் சின்னம்மாவுக்கு மிஞ்சியது என் வயலை ஒட்டிய பத்து சென்ட். அதில் மல்லிகை போட்டிருந்தார். பிள்ளைகள் இல்லை, அந்தப் பூதான் அவருக்குச் சோறு. சித்தப்பாவின் கருமாதி அன்று பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, என் அப்பா சின்னம்மாவைக் காட்டிச் சொன்னார்.

"எங்க முறையில செவ்வா, வெள்ளி காலையில ரெண்டு மணி நேரம் அந்தப் புள்ளைக்கு. நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

யாரும் மறுக்கவில்லை. எங்கள் தண்ணீரைத்தானே கொடுக்கிறார் என்று அண்ணன்களும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அப்பாவும் போய்விட்டார்.

யாருக்கு எந்த நேரம் என்பதெல்லாம் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது. சர்வர் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று அந்தக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தவனும் நான்தான்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்வர் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி நின்றது. என் மனைவி இட்லித் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பேக்கப் எடுத்துட்டீங்களா?"

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ."

அமுக்கினேன். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. எழுந்ததும் என்னை முன்பின் பார்த்திராதது மாதிரி, புதிதாக ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத் தொடங்கச் சொன்னது. முறை நேரங்கள் இல்லை, வால்வுகளின் பெயர்கள் இல்லை, ஒன்றும் இல்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். புதுப் பதிப்போடு வந்த குறிப்பையாவது படித்திருக்கலாம். விடிந்தால் பெரிய அண்ணன் முறை, அதற்குள் சரிசெய்யாவிட்டால் மானம் போய்விடும் என்பது ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"ஒருக்கா அண்ணங்களக் கேட்டுட்டுப் போடுங்க" என்றாள் மனைவி.

"முறை எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாபகத்திலிருந்தே எல்லாவற்றையும் அடித்தேன். திங்கள், வியாழன் பெரிய அண்ணனுக்கு. புதன், சனி சின்ன அண்ணனுக்கு. செவ்வாய், வெள்ளி முழு நாளும் எனக்கு. மூன்று வால்வுகளுக்கும் பெயர் கொடுத்தபின் பட்டியலில் நான்காவது வால்வு ஒன்று பெயரில்லாமல் நின்றது. தென்னைக்கென்று எப்போதோ போட்டுவைத்த ஸ்பேராக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டு ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, கீரனூரிலிருந்து வண்டியில் வரும்போது சின்னம்மாவைப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருணியிலிருந்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். வண்டியை நிறுத்தினேன்.

"என்ன சின்னம்மா, வீட்டுல பைப்பு வரலையா?"

"வீட்டுக்கு இல்லப்பு. செடிக்கு."

"செடிக்கா? எதுக்குச் செடிக்குக் கொடத்துல தூக்குறீங்க?"

அவர் இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டார். கோபமெல்லாம் இல்லை.

"ஒங்கப்பா குடுத்த தண்ணி அவரோட போச்சு. நீ பிள்ளகுட்டிக்காரன், ஒனக்கும் வேணும்ல. நான் என்னான்னு வந்து கேக்குறது?"

அப்போதுதான் எனக்கு அந்த நான்காவது வால்வு எதுவென்று விளங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "இருங்க சின்னம்மா, பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினேன். குடத்தையாவது வாங்கியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, மூன்று வாரத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டிய குறிப்பைப் படித்தேன். முதல் பத்தியிலேயே இருந்தது: புதுப் பதிப்பு அமைப்புகளை வேறொரு ஃபோல்டரில் தேடும், பழையவை இருந்த இடத்திலேயே இருக்கும், பாதையை மாற்றிக் கொடுத்தால் போதும். எதுவும் அழியவில்லை. ஒரு வரியைத் திருத்தி சர்வரை மறுபடி எழுப்பினேன், எல்லாம் வந்துவிட்டது. பட்டியலின் முதல் வரியில் நின்றது சின்னம்மாவின் மல்லிகைதான். செவ்வாய், வெள்ளி, காலை ஏழிலிருந்து ஒன்பது. அதை அடித்த அன்று அப்பா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மொதல்ல அந்தப் புள்ளையோடதப் போடு" என்றது ஞாபகம் வந்தது. அண்ணன்களின் முறையில் ஐந்து நிமிடம்கூட நான் பிசகவில்லை. தகராறு வரும் என்று பயம். கேட்க ஆள் இல்லாதவளுடையது மட்டும் என் மண்டையிலிருந்து சுத்தமாகப் போயிருந்தது. அவருடைய அந்த இரண்டு மணி நேரத் தண்ணீரும் மூன்று வாரமாக என் வயலுக்கே பாய்ந்திருக்கிறது.

அன்று யாருடைய முறை என்றுகூடப் பார்க்காமல் நான்காவது வால்வைத் திறந்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். பாதிக்கு மேல் செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன. பூ கொட்ட வேண்டிய மாதத்தில் ஒரு கை மொட்டுகூட இல்லை. வரப்பில் குடங்களை வைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டு சின்னம்மா நின்றார்.

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"மிசின் கோளாறு சின்னம்மா. அப்டேட் போட்டதுல ஒங்க டைம அதுவா அழிச்சிருச்சு."

"அப்ப நீ நிறுத்தலையா?"

"இல்ல."

அவர் முகம் சட்டென்று இளகியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடப் பாவி மக்கா, இது தெரியாம மூணு வாரமா ஒன்ன என்னென்னமோ வஞ்சுட்டேனேப்பு. கோயில்ல வெளக்குப் போடயில கூட ஒன்னையச் சொல்லித்தான் அழுதேன். நீ நல்லாருக்கணும். இந்தக் கெழவி பேசுனத மனசுல வச்சுக்காத, என்னைய மன்னிச்சிரு."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"பரவாயில்ல, விடுங்க சின்னம்மா" என்றேன்.