சேர்மனிடம் நான் கொடுத்த வாக்கு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு என் மகள் பிரதேச சபை அலுவலகத்தில் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் சேர்மன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கன்னத்தில் அறைந்தார். கீழே விழுந்தவரை உதைக்கவும் செய்தார். சேர்மனின் மைத்துனர் நடத்திய ஹோட்டலை மூடச் சொன்னதுதான் பரிசோதகர் செய்த குற்றம். மகள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அந்த நேரம் எனக்கும் தெரியும்.

எங்கள் சேர்மன் என்று இப்போதும் கை தானாக எழுதிவிடுகிறது. மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலைக்கு மேலே உள்ள தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில், நான் பிறந்த லயத்துக்கு அடுத்த லயத்தில் பிறந்தவர். தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவராகி, பிறகு சபை உறுப்பினராகி, சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நம்மவர். லயங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவரால். என் மகளுக்குச் சபையில் எழுதுநர் வேலை கிடைத்ததும் அவர் சொன்ன ஒரு வார்த்தையால்.

முந்திய தேர்தலின்போது எதிர்க்கட்சிக்காரன் ஒருவனின் கையை முறித்த வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். வெளியே வந்தவருக்குப் பட்டாசு கொளுத்தினார்கள். நானும் மாலை போட்டேன். அடுத்தவன் அடித்தால் ரவுடி, நம்ம ஆள் அடித்தால் ரோஷக்காரர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கிற நான் அப்படித்தான் நினைத்தேன்.

பரிசோதகர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள்:

"நான் போலீஸ்ல சொல்லிட்டேம்மா."

"என்னத்தடி சொன்ன?"

"பாத்தத."

"அங்க பத்துப் பேரு இருந்தாங்களே, ஒனக்கு மட்டுந்தான் கண்ணு இருக்கா?"

"அவங்களுக்கெல்லாம் அன்னைக்கு மாலக்கண்ணு. பகல் பத்து இருபதுக்கே." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கேஸ் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா."

அவள் அப்பா கட்டாரில் வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து போய்க் கதவைத் தாழ்போடுவேன். சேர்மனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், போலீஸில் அவருக்கு ஆளில்லாமல் இருக்குமா என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இங்கே பெரியவர்களிடம் மன்னிப்போ உதவியோ கேட்கப் போகிறவர்கள் ஒரு கட்டு வெற்றிலையை இரண்டு கையாலும் கொடுத்துக் கும்பிடுவார்கள். சிங்களவர்களின் வழக்கம், மாத்தளையில் எங்கள் வழக்கமும் ஆகிவிட்டது. சனிக்கிழமை, மகளிடம் சொல்லாமல், சந்தையில் நல்ல இளம் வெற்றிலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க டீச்சர். என்ன வெத்தலையெல்லாம்? பொண்ணுக்குக் கல்யாணமா?"

"இல்லைங்க சேர்மன். அவ சின்னப் புள்ள, தெரியாம போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டா. கோர்ட்டுல ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிருவா. அதுக்கு நான் பொறுப்பு."

வெற்றிலைக்கு நீண்ட அவர் கை நின்றது.

"யாரு எழுதிக் குடுத்தது?"

அவருக்குத் தெரியாது. அந்த நிமிடம் வரை அவருக்கு எதுவுமே தெரியாது. பிறகு அவர் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை, மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிற வில்கமுவவுக்கு மகளை மாற்றிக் கடிதம் வந்தது. எப்படித் தெரிந்தது என்று மகள் குழம்பினாள். மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவ்வளவுதான். வில்கமுவவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். நான் போன் செய்தால் "ம்", "சாப்பிட்டேன்", "வேலை இருக்கு". தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் நின்று பத்து இருபது என்று சொன்னாள். சேர்மனின் வழக்கறிஞர் எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டும் அதையேதான் சொன்னாள். பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்த என்னைக் கடந்துதான் வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த முறை தண்டனையை ஒத்திவைக்கவில்லை. பழைய தண்டனையும் சேர்ந்துகொண்டது. பதவியும் போனது. விலங்கோடு அவரைச் சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றியபோது நான் அழுதேன். அதில் கொஞ்சம் அவருக்காகவும்தான். அவ்வளவு தூரம் ஏறி வந்தவர்.

உறவுக்காரர்களைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனால் முன்போல் யாரும் உட்காரச் சொல்வதில்லை. குழாயடியில் ஒருத்தி என் காதில் விழவே சொன்னாள்: "அந்த மனுசன் குடுத்த தண்ணியிலதான் டீச்சரம்மா வீட்டாளுங்களும் மொகம் கழுவுறாங்க."

தீர்ப்பு வந்த பிறகாவது மகள் வருவாள் என்று ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கும் சேர்த்து ஒரு சுண்டு அரிசி கூடுதலாகப் போட்டேன். மூன்றாவது ஞாயிறு, பகல் பன்னிரண்டரைக்கு வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். பையை வாங்கக் கை நீட்டினேன். பை எதுவும் கொண்டுவரவில்லை.

"ரெண்டரை பஸ்ஸுக்குத் திரும்பிப் போவணும்" என்றாள். செருப்பைக் கழற்றினாள். "சோறு இருந்தா போடுங்க."