'போறோம்' என்று ஒரு பொத்தான்

ஒன்றோடொன்று பேசாத இரண்டு ஆப்களைப் பேச வைப்பதுதான் பிரகதீஸ்வரிக்குப் பிழைப்பு. வெப் சர்வீஸ் என்பார்கள். மணமேல்குடியில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தாள். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், இவர் வீட்டுச் சேதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற வேலை என்பாள். ஓகோ, கோள் மூட்டுகிற வேலையா என்று சிரிப்பார்கள்.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகுச் சங்கம் அவளிடம் வந்தது. கடலில் யாரையோ இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஊரே கரைக்கு ஓடும். அந்தப் பதைப்பைக் குறைக்க வழி கேட்டார்கள். படகு டிரைவர்களுக்கு ஒரு ஆப், வீட்டுப் பெண்களுக்கு ஒரு ஆப், நடுவில் தன் சர்வீஸ் என்று செய்து கொடுத்தாள். டிரைவர் கிளம்பும்போது 'போறோம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். திரும்பும்போது கரையை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் 'வாரோம்'. வீட்டு ஆப்பைத் திறந்தால், கடைசியாக அழுத்திய சொல்லை சர்வீஸ் எடுத்துக் கொடுக்கும். அழுத்திய நேரத்தையும் கொடுத்திருக்கலாம். திரை நெரிசலாகத் தெரிந்ததால் விட்டுவிட்டாள் மகராசி.

முதல் தடவை போன படகுகள் மறுநாள் திரும்பின. எல்லார் போனிலும் 'வாரோம்' என்றிருந்தது, படகுகளும் வந்தன. உதயசூரியன் ஓட்டிப்போன படகு மட்டும் மத்தியானம் தாண்டியும் காணோம். அவன் மனைவி செங்கமலத்திடம் கேட்டதற்கு, வாரோம்னு போட்டிருக்கே, வந்துக்கிட்டுத்தான் இருக்கும் என்றாளாம். சங்கத்திலும் அதையே நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

சேதி தெரிந்ததும் பிரகதீஸ்வரி சர்வரில் பதிவானதைத் திறந்து பார்த்தாள். ஒரு படகிலிருந்துகூட 'போறோம்' வரவில்லை. கிளம்பும்போதே அத்தனை பேரும் 'வாரோம்' என்றுதான் அழுத்தியிருந்தார்கள். அடிப்பாவி, கடலுக்குப் போகிறவன் எவன் போறோம் என்று சொல்லிவிட்டு இறங்குவான்? கடைத்தெருவுக்குப் போகிறவனே வாரேன் என்றுதானே சொல்கிறான்! அவளும் அன்று காலையில் ஆத்தாவிடம் வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். உதயசூரியனிடமிருந்து வந்த ஒரே 'வாரோம்' முந்தின நாள் விடிகாலை, கரையில் நின்று அழுத்தியது.

உடனே சங்கத்துக்குப் போன் போட்டு, அது பழைய சேதி, தேட ஆள் அனுப்புங்க என்றாள். செங்கமலத்திடம் போனில் சொல்ல மனசு வரவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள். செங்கமலம், புருசன் வந்ததும் சாப்பிடுவான் என்று குழம்பைக் கொதிக்கவிட்டிருந்தாள். நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"எப்பவும் கரையில போயி நிக்கிறவ நான். இன்னைக்கு ஒன் போன நம்பித்தான் வீட்டுல கெடந்தேன்" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பிரகதீஸ்வரிக்கு.

தேடிப்போனவர்கள் பொழுது சாய்வதற்குள் படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்ஜின் நின்று, வயர்லெஸ்ஸும் செத்துப்போய், நீரோட்டம் எல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அங்கிட்டுப் போயிருந்தால் பிடித்திருப்பார்கள். கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். உதயசூரியன் கரையில் இறங்கியதும் பிரகதீஸ்வரிதான் அழுதாள். செங்கமலம் அழவில்லை.

அந்த வாரமே பொத்தான்களை மாற்றினாள். ஒன்று 'கடலுக்கு', இன்னொன்று 'கரைக்கு', கீழே நேரம். செங்கமலத்தின் போனில் தானே போட்டுக் காட்டி, இனிமேல் நம்பலாம்க்கா என்றாள்.

செங்கமலம் போனை வாங்கிப் பார்த்தாள். "பாக்குறேன். பாத்துட்டுக் கரைக்கும் போயி நிப்பேன்."

பிரகதீஸ்வரிக்குச் சுருக்கென்றது.

"நில்லுங்கக்கா" என்றாள். "படகு கண்ணுல பட்டதும் எனக்கும் ஒரு போன் போடுங்க."