துவக்கு மினுக்கியவர்

போன சனிக்கிழமை காலை ஒன்பது இருபது. ஸ்காபரோவில் ஒரு ஹார்ட்வெயார் கடை. முதலில் கண்ணில் பட்டது ஒரு தொப்பி: பட்டாளக்காரர் காட்டுக்குள் ஒளிவதற்குப் போடும் பச்சைப் புள்ளித் தொப்பி. அதன் கீழே நம்மவர் பிள்ளை ஒருவன், லின்சீட் எண்ணெய்த் தகரத்தை இன்னும் காசு கொடுக்காமலே திறந்து, கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தான். காதில் செருகியிருந்த கருவிக்குள், "ப்ரோ, ஸ்டொக் வால்நட். எண்ணெய் போட்டா, இட்ஸ் கோயிங் டு பி சோ க்ளீன்," என்றான். ஸ்டொக் என்று அவன் சொன்னது துவக்கின், அதாவது துப்பாக்கியின், பின்பக்க மரக்கட்டையை. நான் ஒழுகும் குழாய்க்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கப் போனவன். அந்த வாசம் வந்து மூக்கில் ஏறியதும் வளையத்தின் அளவு மறந்து போயிற்று.

கிரிக்கெட் விளையாடியவர்களுக்கு அது மட்டைக்குப் பூசும் எண்ணெயின் வாசமாக இருக்கலாம். எனக்கு அது ஒஷாவாவில் அன்ரன் அண்ணையின் பேஸ்மென்ற் வாசம்.

நான் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில், லிஃப்ட் அடிக்கடி படுத்துவிடும் ஒரு கட்டடத்தில் இருந்தேன். வேலை ஓர் இலவச வாரப் பத்திரிகையில். வீடு விற்பவர்களின் படங்கள் போட்டது போக மிஞ்சிய இடத்தில் உலகச் செய்திகளை நான் நிரப்புவேன். அன்ரன் அண்ணை மன்னார்க்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ற். கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் அவருடைய படம் ஒவ்வொரு வாரமும் கடைசிப் பக்கத்தில் வரும். சாவு எந்நேரமும் வரலாம் என்று கிழமை முழுவதும் சனத்தைப் பயமுறுத்திவிட்டு, சனிக்கிழமைகளில் அவர் துவக்குச் செய்வார்.

"வாரும் தம்பி, ஒரு சாமான் காட்டுறன்," என்று முதல் தடவை என்னை ரயிலடியிலிருந்து காரில் ஏற்றிப் போனார். பேஸ்மென்றில் நீளமான மேசை. மேசையில் எங்கள் பத்திரிகை விரித்திருந்தது. அதன் மேல் பழைய ராணுவ ரைபிள் ஒன்று துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, மண்ணிறக் கிரீஸ் வழியக் கிடந்தது. யுத்த நிறுத்தம் பற்றி நான் எழுதிய தலையங்கம் அந்தக் கிரீஸில் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு வாசகர் இருந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அந்த நாட்களில் இப்படியான ரைபிள்கள் மலிவு. யாரோ தோற்ற, யாரோ கைவிட்ட பட்டாளங்களின் சாமான்கள் பெட்டி பெட்டியாகக் கனடாவுக்கு வரும். அன்ரன் அண்ணை குழலை ஓரிடத்தில் வாங்குவார், கட்டையை இன்னோரிடத்தில், ஆணிகளையும் சுருள்கம்பியையும் வேறெங்கோ. எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கி, "நானே செய்தது," என்பார். மூன்று நாட்டுத் தோல்விகளை ஒன்றாகப் பூட்டியதில் அவருக்கு அத்தனை பெருமை.

ஊரில் சண்டை தொடங்க முன்னமே அவர் பிராங்க்போர்ட் தாண்டிவிட்டார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் விமானத்தில் வந்தவன்தான். ஆனால் ஊரில் துவக்கைப் பொலிஸ்காரரின் தோளில் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்த ஒரு மனிதர், அதன் மரத்துக்குச் சிவப்புச் சாயல் நல்லதா மண்ணிறம் நல்லதா என்று இரண்டு சிநேகிதர்களோடு பின்னேரம் வரை வாதாடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கலியாணச் சேலை எடுப்பதற்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது.

எங்கள் பேச்சில் மினுக்குவது என்றால் பாத்திரம் துலக்குவதும் அதுதான், உடுப்புக்கு அயன் போடுவதும் அதுதான், ஒன்றுமில்லாமல் எடுப்புக் காட்டித் திரிவதும் அதுதான். அன்ரன் அண்ணை மூன்றையும் ஒரே சாமானில் செய்தார். கட்டையில் பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் சூடான அயன்பெட்டியை வைப்பார். ஆவி ஏற மரம் ஊதி, பள்ளம் நிரம்பும். நல்ல வித்தைதான். ஆனால் அந்த அயன்பெட்டி அவருடைய மனைவி ஜசிந்தா அக்காவுடையது. ஒரு ஞாயிறு பூசைக்கு அவர் மினுக்கிய வெள்ளைச் சேலையில் மண்ணிறக் கோடு ஒன்று விழுந்தது.

"இஞ்சேருங்கோ, உங்கடை துவக்குக்கு மாதாவிட்டை என்ன நேர்த்தி?" என்று அக்கா மேலிருந்து கேட்டார்.

அன்ரன் அண்ணைக்கு அது கேட்கவில்லை. ஆங்கில வீடியோக்களில் துவக்கைப் பெண்பாலில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அவரும் தமிழில் அப்படியே பேசத் தொடங்கியிருந்தார். "இவவுக்கு இன்னும் ரெண்டு பூச்சு வேணும். இவ கொஞ்சம் வறண்டு போனா." மனைவியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் "அவளுக்கு உது விளங்காது" என்பார். துவக்குக்குத்தான் மரியாதை.

துவக்கு லைசன்சுக்கு என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார். ஓர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த மனிதரால் யாருக்காவது ஆபத்து உண்டா என்று கேட்டார். காப்புறுதி பற்றிப் பேசியே ஆளைக் கொல்லுவார் என்று வாய்வரை வந்தது. இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அவர் சுட்டது மிகக் குறைவு. சுடும் இடத்தில் காற்று அதிகம், காது நோகும், தோள் நோகும். எல்லாவற்றையும் விட, சுட்டால் பூச்சில் கீறல் விழும்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஊரில் சண்டை முடிந்து இரண்டொரு வருடத்தில் ஜசிந்தா அக்காவின் தம்பி யூட் வந்து சேர்ந்தார். கடைசிவரைக்கும் வன்னிக்குள் நின்று, முகாமில் இருந்து, இரண்டு நாடு சுற்றி வந்தவர். அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் இன்னொரு சகோதரன் இருந்தான். கடைசிக் கிழமைகளில் காணாமற்போனான். அவனுடைய பெயரைச் சொல்லி யூட் ஏறாத அரசாங்கக் கந்தோர் வாசல் இல்லை.

அக்காவுக்கு மிஞ்சியது இந்த ஒரு தம்பி. அவர் தன் வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஆசை. மேலே அறைகளில் பிள்ளைகள். இருந்தது பேஸ்மென்ற் மட்டும்.

"துவக்குகளை எங்கையாவது எடுத்துப்போட்டு அந்த இடத்தை அவனுக்குக் குடுங்கோ," என்றார்.

"எல்லாம் பூட்டிக் கிடக்கு. சட்டப்படி இருக்கு. அவன் தன்ரை பாட்டிலை படுக்கலாம்தானே."

"அவன் துவக்குக்குப் பக்கத்திலை படுக்கவோ இவ்வளவு தூரம் வந்தவன்?"

"உமக்கு விளங்காது. உது வேறை, இது வேறை."

யூட் முதன்முதல் சாப்பாட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அடுப்பில் கறி கொதிக்கும்போதே அன்ரன் அண்ணை அவரைக் கீழே கூட்டிப் போனார். நான் பின்னால் போனேன். அலுமாரியைத் திறந்து, புதிதாக முடித்த ரைபிளை எடுத்து யூட்டின் கைகளில் வைத்தார். குழந்தையைக் கொடுப்பவர் போல.

"இது என்னத்துக்கு, அத்தான்?"

"ஹொபி."

"அப்பிடியெண்டால்?"

"பொழுதுபோக்கு. வேலைக்குப் பிறகு மனசுக்கு ஒரு ஆறுதல். தடவிப் பாரும், கண்ணாடி மாதிரி இருக்கும். இந்த இடத்திலை ஒருத்தன் கத்தியாலை தன்ரை பேரைக் கிறுக்கி வைச்சிருந்தவன். தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துப்போட்டன். இருந்த இடமே தெரியாது."

யூட் அந்த இடத்தைப் பார்த்தார். "என்ன பேர்?"

"ஆருக்குத் தெரியும். ரஷ்ய எழுத்தோ என்னவோ."

"ஆரையும் கேட்டு வாசிக்கேல்லையோ?"

"அது ஒரு கீறல், தம்பி."

யூட் ரைபிளை மேசையில் எங்கள் பத்திரிகையின் மேல் மெதுவாக வைத்தார். மூலையில் உடுப்புத் தோய்க்கும் தொட்டி இருந்தது. அங்கே போய்ச் சவர்க்காரத் தூள் போட்டுக் கையைக் கழுவினார். துடைத்துவிட்டு, திரும்பவும் கழுவினார். பிறகு மேலே போனார்.

"அக்கா, நான் மிசிசாகாவிலை பெடியளோடை நிக்கிறன். எயாப்போட் வேலைக்கு அங்கையிருந்து கிட்ட."

கிட்டத்தான். அதனால் எல்லோரும் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டோம். அக்கா மட்டும் சமையலறையில் அகப்பையோடு நின்றார்.

"இண்டைக்கு ஒரு இரவாவது நில்லனடா."

"பிறகு ஒருநாள் வாறன் அக்கா."

அவரை ரயிலடியில் விட்டுவிட்டு வரும்போது அன்ரன் அண்ணை எனக்குச் சொன்னது இது: "அவனுக்கு ரசனை இல்லை, தம்பி. அங்கை இருந்த பெடியளுக்கு ஒரு சாமானின்ரை அழகு தெரியாது." எனக்குத் தெரிந்து, ஒரு துவக்கைப் பற்றி அதைவிட மடத்தனமாக யாரும் பேசியதில்லை. நான் ஜன்னலைத் திறந்தேன். மாசி மாதம். குளிருது என்று மூடச் சொன்னார்.

லைசன்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தபோது மனைவியின் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் அதிகாரி மனைவியையே கூப்பிட்டு விசாரிப்பார். ஜசிந்தா அக்கா பேனையைத் தொடவில்லை.

"உங்களுக்குத்தான் கீழை அலுமாரிக்குள்ளை இவ இருக்கிறாவே. அவவிட்டை வாங்குங்கோ," என்றார்.

அந்த விசாரணைக்கு அன்ரன் அண்ணை தயாராக இருக்கவில்லை. துவக்குகள் ஒவ்வொன்றாகச் சிநேகிதர்களிடம் போயின. நல்ல மனிதர்கள் வாங்கினார்கள் என்று, பெண் கொடுத்தவர் போல வருத்தத்தோடு சொல்லித் திரிந்தார். இப்போது கோல்ஃப் ஆடுகிறார். அந்த மட்டைகளையும் ஆடுவதைவிட மினுக்குவதுதான் அதிகம் என்று கேள்வி.

மலிவு ரைபிள்கள் வந்த பெட்டிகள் இப்போது வருவதில்லை. எங்கள் பத்திரிகை நின்று போயிற்று. அதைத் தேடி யாரும் கூப்பிடவில்லை, கடைசிப் பக்கத்தில் படம் போட்டவர்கள்கூட. நானிருந்த கட்டடத்தில் லிஃப்ட் திருத்திவிட்டார்களாம்.

அன்ரன் அண்ணையின் பேஸ்மென்றில் இப்போது மேசை இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்து, கார்ப்பெற் போட்டு, ஜசிந்தா அக்கா அங்கே தம்பிக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டார். அதில் அக்கா தோய்த்த உடுப்புகளை மடித்து அடுக்குகிறார்.