தலையில்லாத கொக்கு

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சந்திரகுமார், வீட்டில் சும்மா இருந்து சமையலில் குறை சொல்லத் தொடங்கினார். மனைவி பெர்னடெற் அவரை லண்டனில் ஒரு பழைய பிரபு மாளிகையில் தொண்டராகச் சேர்த்துவிட்டார். சீனச் சுவர்த்தாள் ஒட்டிய அறையில் உட்கார்ந்து, யாரும் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே வேலை.

சுவரைப் பார்த்துப் பார்த்து அவர் கிறங்கிப்போனார். சீனாவின் கான்டன் நகரில் கையால் வரைந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த தாள். மூங்கில், பூக்கள், ஒன்றைப்போல் ஒன்றில்லாத பறவைகள். இணைப்புப் பொருந்தாத இடங்களில், மிச்சத் தாளிலிருந்து பறவைகளை வெட்டி ஒட்டி மறைத்திருந்தார்கள்.

ஸ்ட்ரெதமில் தன் வீட்டு வரவேற்பறைக்கும் அப்படியொரு தாள் வேண்டுமென்று, அதன் நகலை வாங்கினார். பெர்னடெற் தேவாலயத்துக்குப் போன நேரம் பார்த்து, தாள்களின் பின்னால் இருந்த வரிசை எண்களைக் கவனியாமல் ஒட்டி முடித்தார். திரும்பி வந்த பெர்னடெற் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, இந்தக் கொக்குக்குத் தலை எங்கை?”

“வடிவாப் பாரும். ஜன்னலடியிலை இருக்கு.”

“கால் கதவடியிலை, தலை ஜன்னலடியிலை! இது கொக்கோ, ட்ரெயினோ?”

இன்னொரு மூலையில் வாத்துக் குடும்பமொன்று கால்களை மேலே நீட்டியபடி கிடந்தது.

“சீனத்து வாத்து அப்பிடித்தான் நித்திரை கொள்ளும்” என்றார். பெர்னடெற் நம்பவில்லை; தாளை உரித்துச் சுவரை மாற்றச் சொன்னார்.

பிரபுக்கள் செய்ததையே செய்வோம் என்று கத்தரிக்கோலை எடுத்தார். ஆனால் மிச்சத் தாள் இல்லை. தமிழ்க்கடைக் கலண்டரில் இருந்த மயிலை வெட்டிக் கொக்கின் கழுத்தில் ஒட்டினார்.

“ஐயோ, முருகன் இனி எதிலை போவார்?”

“டிஸ்ட்ரிக்ட் லைன் ட்ரெயின் இருக்குத்தானே.”

வாத்துகளின் மேல் கடைத் துண்டுப்பிரசுரத்துக் கோழி ஏறியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் பெர்னடெற்றும் கத்தரிக்கோல் எடுத்தார். தேவாலயச் சஞ்சிகையிலிருந்து ஒரு புறா வந்தது. பிறகு பறவை தேடி வீட்டில் ஒரு தாளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு விம்பிள்டனிலிருந்து நண்பர் கனகலிங்கம் சீனத் தாளைப் பார்க்க வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோழிக்குக் கிட்டப் போனார்.

“சந்திரன், இதிலை ஏதோ எழுதியிருக்கு. ‘ரெண்டு வாங்கினால் ஒண்டு இலவசம்.’” சற்று யோசித்தார். “பார் ஐசே, சீனர் அந்தக் காலத்திலையே ஆஃபர் குடுத்திருக்கினம்!”

பெர்னடெற்றுக்குச் சிரிப்பில் புரையேறியது. கனகலிங்கம் எதற்கென்று விளங்காமலே கூடச் சிரித்தார்.

சுவரை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. இப்போது யார் வந்தாலும் விளக்கம் சொல்வது பெர்னடெற்தான். சந்திரகுமாருக்குத் தேத்தண்ணி ஊற்றும் வேலை.